விடியற்காலை 93 மில்லி அம்பியர்

சென்ற மார்கழியில் அப்பாவின் படகுப் பற்றரி மறுபடியும் செத்துப்போனது. இரண்டு வருடத்துக்குள் இது இரண்டாவது. வாடைக் கடல் அடங்காததால் படகு மூன்று கிழமையாகத் திருகோணமலை திருக்கடலூர்க் கரையில் ஏற்றிக் கிடந்தது. காற்றுத் தணிந்த ஒரு காலையில் அப்பா போய் ஆளியைத் தட்டினார். விளக்கு எரியவில்லை, ஜிபிஎஸ் திரை கண் திறக்கவில்லை, நீர் இறைக்கும் சின்ன மோட்டரிலும் சத்தம் இல்லை. பற்றரியின் இரு முனைகளிலும் மீற்றரை வைத்தபோது 7 வோல்ற்றுக்குக் கீழே நின்றது. ஈயப் பற்றரி அந்த நிலையில் பல நாள் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேற்றுப் படிந்து இறுகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் மின்னேற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

முதல் பற்றரி போனபோதே கடைக்காரர் கரைக்கு வந்து பார்த்திருந்தார். எல்லா ஆளிகளையும் அணைத்துவிட்டு, கம்பியைக் கழற்றி மீற்றரை இடையில் போட்டு, 21 மில்லி அம்பியர் என்று காட்டினார். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் துளை ஒன்று படகில் இருக்கிறது. அதில் பற்றரியின் வோல்ற்றளவைக் காட்டும் சிவப்பு எண் எப்போதும் எரியும். "அதுதான் அண்ணை இது, பெரிய விஷயம் இல்லை. பற்றரிதான் சரியில்லை" என்றார். அவர் சொன்ன எண்ணில் பிழை இல்லை. அவர் வந்தது நண்பகலில் என்பதைத்தான் நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இரண்டாவது பற்றரியும் போன பிறகு அப்பாவுக்கு நம்பிக்கை அற்றுவிட்டது. மூன்றாவதை வாங்கி, கடலால் வந்ததும் கழற்றி வீட்டுக்குத் தூக்கிவரத் தொடங்கினார். 10 கிலோவுக்கு மேல் பாரம். மணலில் கால் புதையப் புதைய, இடுப்பில் கை வைத்து இரண்டு இடத்தில் நின்றுதான் வருவார். அவருக்கு வயது 58. அந்த நடையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

பகலில் நான் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறேன். இலத்திரனியல் இரவில் நானே தேடிப் படித்தது. மீற்றரைப் பிடித்துக்கொண்டு யாரும் இருபத்து நாலு மணி நேரமும் படகுக்குப் பக்கத்தில் இருக்க முடியாது. பற்றரியிலிருந்து போகும் ஓட்டத்தை இராப்பகலாக எழுதிவைக்க ஒன்று வேண்டும். அதற்கென்றே டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனத்தின் ஐஎன்ஏ226 என்ற சிப் இருக்கிறது. பெருவிரல் நகம் அளவான பச்சைப் பலகையில் அதைப் பொருத்தி, கூடவே ஆர்100 என்று எழுதிய ஒரு தடையியையும் வைத்து விற்கிறார்கள். ஆர்100 என்றால் 0.1 ஓம். பற்றரியின் நேர் முனையிலிருந்து போகும் ஓட்டம் முழுவதும் இந்தத் தடையிக்குள்ளால் போக வேண்டும். அதன் இரு பக்கமும் உண்டாகும் மிகச் சிறிய அழுத்த வித்தியாசத்தைச் சிப் 2.5 மைக்ரோ வோல்ற்றுப் படிகளில் எண்ணும். 0.1 ஓமுக்கு ஒரு படி 25 மைக்ரோ அம்பியர். இரவில் எங்கேயோ கசியும் ஓட்டத்தைப் பிடிக்க அது தாராளமாகப் போதும்.

மேல் எல்லையும் இருக்கிறது. 81.92 மில்லி வோல்ற்றுக்கு மேல் சிப்பால் அளக்க முடியாது. அதாவது 0.8192 அம்பியர். நீர் இறைக்கும் மோட்டர் தொடங்கும்போது 10 அம்பியர் இழுத்தால் அந்தச் சின்னத் தடையியில் 10 வாற்று வெப்பம் பிறக்கும், கருகிவிடும். அதனால் மோட்டரின் பியூஸை முதலில் கழற்றினேன். அளக்கும் கம்பியிலேயே 1 அம்பியர் பியூஸ் ஒன்றும் போட்டேன். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் பியூஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். பற்றரியின் இரண்டு முனையும் தெரியாமல் முட்டினால் கம்பி பழுத்துச் சிவக்கும்.

சிப்போடு பேசுவது ஐ2சி என்ற முறையில். 1982இல் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கியது. பொதுவான பூச்சியக் கம்பியைத் தவிர இரண்டே கம்பிகள். எஸ்டிஏ என்பதில் தகவல் போகும், எஸ்சிஎல் என்பதில் தாளம் போகும். கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒருவர் அம்பா பாடுவார், அந்தத் தாளத்துக்குத்தான் எல்லாக் கையும் கயிற்றை இழுக்கும். தாளம் இல்லாமல் ஒருவர் இழுத்தால் வலை கோணிப்போகும். எஸ்சிஎல் மேலே போகும் ஒவ்வொரு முறையும் எஸ்டிஏ மேலே நிற்கிறதா, கீழே கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே நின்றால் 1, கீழே கிடந்தால் 0. இப்படி வரும் ஒவ்வொன்றும் ஒரு பிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். இரண்டு கம்பியையும் ஒரு தடையி எப்போதும் மேலே இழுத்துப் பிடித்திருக்கும். பேசுகிறவர் கீழே இழுக்க மட்டும்தான் முடியும். ஆகவே இருவர் ஒரே நேரத்தில் பேசினாலும் எதுவும் எரியாது. நான் பயன்படுத்திய ராஸ்பெரி பை சீரோ என்ற சின்னக் கணினியில் (இனிச் சுருக்கமாகப் பை) இந்த மேலிழுப்புத் தடையிகள் 1.8 கிலோ ஓம் அளவில் பலகையிலேயே உண்டு.

ஓர் உரையாடலை அருகிலிருந்து பார்ப்போம். எஸ்சிஎல் மேலே நிற்கும்போது பை எஸ்டிஏயைக் கீழே இழுக்கும். பேச்சுத் தொடங்குகிறது என்பதற்கு அடையாளம் அது. அடுத்து முகவரி. என் சிப்பின் முகவரி பதினறும எண்ணில், அதாவது பத்துக்குப் பதிலாகப் பதினாறை அடியாகக் கொண்ட எண் முறையில், 40. அதோடு எழுதப் போகிறேனா, வாசிக்கப் போகிறேனா என்று சொல்லும் ஒரு பிட் கடைசியில் ஒட்டிக்கொள்வதால் கம்பியில் போவது 80. எட்டு பிட்டும் போன பிறகு பை கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கும். ஒன்பதாவது தாளத்தில் சிப் எஸ்டிஏயைக் கீழே இழுத்தால் "இருக்கிறேன்" என்று பொருள். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் அந்த ஒன்பதாவது தாளம்தான். ஒவ்வொரு பைட்டுக்கும் மறுமொழி கேட்டுவிட்டுத்தான் அடுத்த பைட் போகும். பிறகு 02, அதாவது இரண்டாம் பதிவகம். சிப் தன் எண்களை வைத்திருக்கும் அறைதான் பதிவகம், இதில் கிடப்பது பற்றரியின் வோல்ற்றளவு. மறுபடி ஒரு தொடக்க அடையாளம், 81 என்ற வாசிப்பு முகவரி. இப்போது சிப் பேசும். இரண்டு பைட் அனுப்பும், பை முடிவு அடையாளம் போடும்.

இவ்வளவையும் படித்துத்தான் வீட்டு மேசையில் தொடங்கினேன். மீற்றர் 12.60 வோல்ற்றுக் காட்டிய பற்றரிக்கு பைதான் என்ற கணினி மொழியில் நான் எழுதிய நிரல் 30.77 என்றது. மின்னேற்றி எதுவும் பொருத்தியிருக்கவில்லை. சிப் பழுது என்று நினைத்து, அலுவலகத்தால் வந்த களைப்போடு கம்பிகளை இரண்டு இரவு மாற்றி மாற்றிப் பற்றாசு வைத்தேன். அம்மா தேநீரை வைத்துவிட்டு, "அது பேசுகிறதா?" என்று கேட்டார். பேசுகிறது. என்ன சொல்கிறது என்றுதான் விளங்கவில்லை.

வழி காட்டியது சிப்பின் 254ஆம் பதிவகம். உற்பத்தியாளர் தம் அடையாளத்தைப் பொறித்து வைத்த இடம் அது. அங்கே பதினறும எண்ணில் 5449 இருக்க வேண்டும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 54 ஆங்கிலத்தின் டி, 49 ஐ. நிறுவனத்தின் பெயரெழுத்துகள். எனக்கு வந்தது 4954. ஐ முன்னால், டி பின்னால். எழுத்துகள் இரண்டும் சரி, வரிசைதான் மாறியிருந்தது. அந்தக் கணத்தில் எல்லாம் தெளிந்தது. இந்தச் சிப் பெரிய பைட்டை, அதாவது எண்ணின் இடப்பக்கப் பாதியை, முதலில் அனுப்புகிறது. பைதானில் நான் அழைத்த எஸ்எம்பஸ் (ஐ2சியை ஒட்டிய இன்னொரு முறை) கட்டளையோ முதலில் வருவது சின்ன பைட் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் உடையது. வந்தது 27, 60. சரியாகச் சேர்த்தால் 2760, பத்தடிமானத்தில் 10080. ஒரு படி 1.25 மில்லி வோல்ற்று என்பதால் 12.600 வோல்ற்று. புரட்டிச் சேர்த்தால் 6027, அதாவது 24615, அதாவது 30.77 வோல்ற்று. இரண்டு இரவும் சிப் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

புதிதாக ஒரு சிப்பைத் தொட்டால் இனி முதல் வேலையாக அடையாளப் பதிவகத்தைத்தான் வாசிப்பேன். அளவு எது வேண்டுமானாலும் வரலாம், அது சரியா பிழையா என்று கண்ணால் சொல்ல முடியாது. அடையாளம் என்றால் விடை முன்கூட்டியே தெரியும்.

வாசிப்பைத் திருத்திவிட்டேன். எழுதும்போதும் அதே புரட்டல் நடக்கும் என்பது அப்போது தோன்றவில்லை. ஓட்டத்தை நேரே அம்பியரில் தர, ஐந்தாம் பதிவகத்தில் ஓர் அளவுத்திருத்த எண்ணை எழுத வேண்டும். மின்சாரம் கொடுத்தவுடன் அதில் 0 இருக்கும், எழுதாவிட்டால் ஓட்டமும் 0 என்றே வரும். கணக்கு இது: 0.00512ஐ, ஒரு படியின் அம்பியராலும் தடையியின் ஓமாலும் வகுக்க வேண்டும். எனக்கு 2048 வந்தது. பதினறும எண்ணில் 0800. அது புரண்டு 0008 ஆகச் சிப்புக்குள் போயிருக்கிறது. 5 வாற்று மின்குமிழ் ஒன்றைப் பொருத்தினேன். கிட்டத்தட்ட 400 மில்லி அம்பியர் வர வேண்டிய இடத்தில் 1.55 வந்தது. குமிழோ மேசை முழுவதும் வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. 256 மடங்கு குறைவு என்று வகுத்துப் பார்த்ததும் காரணம் பிடிபட்டது. 256 என்ற எண் எங்கே எதிர்ப்பட்டாலும் பைட் இடம் மாறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த ஐந்தாம் பதிவகத்தை நான் தொடுவதே இல்லை. முதலாம் பதிவகத்தில் தடையியின் அழுத்த வித்தியாசம் அப்படியே கிடக்கிறது. அதை வாசித்து 25 மைக்ரோ அம்பியரால் பெருக்கினால் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த ஓமின் விதிக்கு மேலே எதுவும் வேண்டாம். சிப்புக்கு நான் எழுதுவது அமைப்புப் பதிவகத்தில் ஒன்றே ஒன்று: 4727. தொடக்கத்தில் அங்கே 4127 இருக்கும், ஒவ்வோர் அளவையும் தனித்தனியாகத் தரும். 4727 என்று மாற்றினால் 64 அளவுகளைச் சராசரி எடுத்து ஒன்றாகத் தரும். எண் நடுங்காமல் நிற்கும்.

ஆடி மாதம் படகின் அடிப்பகுதிக்கு பைபர் பூச வேண்டியிருந்ததால் ஒரு கிழமை கரையில் ஏற்றினார்கள். நான் காத்திருந்த நாள் அது. பற்றரிப் பெட்டிக்குள் சிப்பைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடினேன். பை சீரோவைப் பக்கத்திலேயே வைத்தேன், ஐ2சி கம்பிகள் ஒரு சாண் நீளம்கூட இல்லை. முதலில் முன்தட்டில் வைக்கத்தான் நினைத்திருந்தேன். கம்பி நீள நீள அதன் மின் கொள்ளளவம், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் தன்மை, கூடி, மேலே எழ வேண்டிய கம்பி சோம்பி எழும். நியமத்தின் எல்லை 400 பைக்கோபரட். எதற்கு வீண் சோதனை என்று அருகிலேயே வைத்துவிட்டேன். பைக்கு மின்சாரம் தனியான பவர் பேங்கிலிருந்து. படகுப் பற்றரியிலிருந்து எடுத்தால் பையின் செலவும் கணக்கில் கலந்துவிடும். பூச்சியக் கம்பியை மட்டும் பற்றரியின் மறை முனையோடு சேர்த்தேன். அது சேராவிட்டால் பேச்சே இல்லை. பைக்குள் கடிகாரப் பற்றரி கிடையாது என்பதால் கைத்தொலைபேசி இணைப்பில் நேரத்தைச் சரிசெய்த பிறகுதான் பதிவைத் தொடங்கினேன். பத்து செக்கனுக்கு ஒரு வரி.

அந்த மூன்று இரவும் பற்றரி படகிலேயே இருந்தது. அப்பா இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

நான்காம் நாள் காலை கோப்பைத் திறந்தபோது எனக்குக் கை நடுங்கியது. நண்பகல் 21 மில்லி அம்பியர், கடைக்காரர் சொன்ன அதே எண். பொழுது சாய்ந்த பிறகு அது ஏறத் தொடங்குகிறது. இரவு 11 மணிக்கு 48. மூன்று மணிக்கு 71. விடியற்காலை 5 மணி தாண்டியபோது 93. சூரியன் ஏறி 9 மணி ஆனதும் 34, மறுபடி நண்பகலில் 21. யாரும் தொடாத படகில், எல்லா ஆளியும் அணைந்த நிலையில், ஓட்டம் இரவோடு ஏறிப் பகலோடு இறங்குகிறது. மூன்றாம் இரவும் அப்படியே. இரண்டாம் இரவு மட்டும் வேறாக இருந்தது. அன்று 40ஐத் தாண்டவே இல்லை.

வரைபடத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் எண்களைப் பார்க்கவில்லை, அந்தத் தாழ்ந்த இரண்டாம் மேட்டின் மேல் விரலை வைத்தார். "அன்றைக்கு இரவு முழுக்கக் கச்சான் அடித்தது மகள். பாயில் படுக்க முடியவில்லை, உடம்பெல்லாம் காய்ந்தது" என்றார். எனக்கு அது நினைவில் இல்லை. அவருக்குக் காற்று மறக்காது. தரையிலிருந்து வரும் அந்த வறண்ட காற்று அடித்த இரவில் கசிவு குறைந்திருக்கிறது, பனி இறங்கிய இரவுகளில் கூடியிருக்கிறது. அப்படியானால் ஈரம்.

ஆளிப் பலகையைக் கழற்றினோம். பின்பக்கம் ஒரு கறுப்பு இணைப்புக் கட்டை. நேர்க் கம்பியும் மறைக் கம்பியும் அரை விரற்கடை இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் திருகியிருந்தன. இடையில் உப்புப் பொருக்கு, அதற்குள் செம்புக் களிம்பின் பச்சை. நான் சாவியால் சுரண்டியபோது காய்ந்த மண் போல உதிர்ந்தது. வெயிலில் அது காய்ந்துகிடக்கும், மின்சாரம் கடத்தாது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்புத் தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைட்டு அதைவிட வறண்ட காற்றிலேயே கசியத் தொடங்கும். இரவானால் அந்தப் பொருக்கு ஒரு கம்பியாக மாறிவிடுகிறது. திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தபோது ஐயம் ஒன்றும் மிஞ்சவில்லை. மறைப் பக்கத்துத் திருகாணி கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். நேர்ப் பக்கத்தது புரி தேய்ந்து ஊசி போல மெலிந்திருந்தது. ஈரமான உப்பின் வழியே ஓட்டம் போனால் நேர் முனையின் உலோகம்தான் கரைந்து போகும்.

மார்கழியில் இங்கே இரவும் பகலும் ஈரம்தான். 93 மில்லி அம்பியர் நாள் முழுவதும் போனால் ஒரு நாளைக்கு 2.2 அம்பியர் மணி. அப்பாவின் பற்றரி 40 அம்பியர் மணி. 18 நாளில் வெறுமை. படகு ஏற்றிக் கிடந்தது மூன்று கிழமை. கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது அப்பா நெடுநேரம் பேசவில்லை. "இரண்டு பற்றரிக் காசு" என்று மட்டும் சொன்னார்.

கட்டையை எறிந்துவிட்டு, நேருக்கும் மறைக்கும் வெவ்வேறு கட்டைகளைப் பலகையின் இரு ஓரங்களில் வைத்தோம். வெள்ளீயம் பூசிய கம்பி வாங்கினோம். முனைகளில் வாசலின் தடவி மூடினோம். தொலைபேசித் துளையின் கம்பியைப் பிரதான ஆளிக்குப் பின்னால் மாற்றினேன். அணைத்தால் அந்தச் சிவப்பு எண்ணும் இப்போது அணைந்துவிடும்.

மறுபடி இரண்டு இரவு அளந்தேன். இரண்டிலும் பனி இருந்தது. விடியற்காலை 5 மணிக்கு முதலாம் பதிவகத்தில் 3. ஒரு படி 25 மைக்ரோ அம்பியர் என்றால் 75. ஆனால் இந்தச் சிப்பின் சொந்தப் பிழையே 10 மைக்ரோ வோல்ற்று வரை, அதாவது 4 படி வரை போகலாம் என்று அதன் தரவுத்தாள் சொல்கிறது. ஆகவே 3 என்பதை நான் எதுவும் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பாவிடம் அப்படியே சொன்னேன்.

"ஒன்றுமே போகவில்லையா?"

"இதனால் அளக்கக்கூடிய அளவுக்கு ஒன்றும் போகவில்லை அப்பா."

நேற்று மாலை அவர் கடலால் வந்தார். வலையைத் தோளில் போட்டு, மீன் பெட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மணலில் ஏறி வந்தார். மற்றக் கை வெறுமையாக இருந்தது.